வெயில் எறிக்கிறது, தடமும் இருக்கிறது, போகலாமா?

தை 8, மாலை. கேட்டவர்: நிலாவெளித் தம்பி ஒருவர்

அண்ணை, அக்காவின் மகன் சுவிஸில் கூர் நகரத்தில் வேலை செய்கிறான். இந்தச் சனிக்கிழமை கூட்டாளிமார் மூன்று பேருடன் ஸ்னோஷூ, அதுதான் பனியில் கால் புதையாமல் நடக்கும் அகலச் சப்பாத்து, போட்டுக்கொண்டு டாவோஸ் பக்கம் மலையேறப் போகிறானாம். அக்கா பயந்துபோய் என்னைக் கேட்கிறா. பனி கொட்டி நின்று இரண்டு நாளாகிவிட்டது, சனிக்கிழமை நல்ல வெயில், முன்னே ஆட்கள் போன தடம் இருக்கிறது, அதிலேயே போவோம் என்கிறான் அவன். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. பனி பஞ்சு மாதிரித்தானே, மூடினாலும் கையால் தள்ளிக்கொண்டு எழும்பலாம்தானே? நீங்கள் அங்கே இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

தை 8, இரவு 9.40

தம்பி, அக்கா பயப்படுவதில் பிழை இல்லை. மருமகன் சொன்ன மூன்று காரணங்களும், நான் டாவோஸில் ஹோட்டல் குசினியில் நின்ற பதினொரு வருடத்தில் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் காதில் விழுந்த அதே காரணங்கள். வெயில் எறித்தது, பனி விழுந்து நாளாகிவிட்டது, தடம் இருந்தது.

முதலில் பஞ்சு. விழும்போது பஞ்சுதான், ஒரு கன மீற்றர் புதுப்பனி 100 கிலோ வரும், சிலவேளை அதிலும் குறைவு. சரிந்து வந்து கீழே நின்ற பனி அப்படியில்லை, அது ஒரு கன மீற்றர் 400 கிலோ வரை போகும். எட்டு மூட்டை சீமெந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது தண்ணீர் போல ஓடும், நின்ற கணத்தில் இறுகும். உள்ளே இருப்பவரால் விரலை மடக்க முடியாது. பெரும்பாலானவர்கள் குளிரில் சாவதில்லை, மூச்சு முட்டித்தான் சாகிறார்கள். புதைந்தவரைப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் உயிரோடு இருப்பார்கள், 35 நிமிடமாகிவிட்டால் பத்தில் மூன்று பேர்தான். 1414க்கு அடித்தால் ரேகா என்ற மீட்புச் சேவையின் ஹெலிகொப்டர் வரும், மிக நல்ல சேவை, ஆனால் அந்தப் பதினைந்து நிமிடம் கூடப் போனவர்களின் கையில்தான் இருக்கிறது.

ஆகவே அவனிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நாலு பேரிடமும் எல்விஎஸ் இருக்கிறதா? உடம்போடு கட்டிக்கொள்ளும் சின்னக் கருவி அது, 457 கிலோஹேர்ட்ஸில் ஓயாமல் துடிப்பு அனுப்பும், ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடலுக்கு மாற்றி அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அதோடு மடக்கிய நீளக் கம்பி ஒன்று, குத்திப் பார்க்க. ஒரு சவல், தோண்ட. மூன்றும் நாலு பேரிடமும் இருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் யாரைத் தேடுவார், அவரை யார் தேடுவார்?

அப்புறம் சரிவு. ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 பாகையிலிருந்து 45 பாகை வரை சாய்ந்த இடங்களில்தான் பிடுங்கிக்கொண்டு வருகின்றன. 30க்குக் குறைந்த இடமாகப் பார்த்து நடந்தால் பயமில்லை.

தை 8, இரவு 11.15

ஒன்றை விட்டுவிட்டேன். டாவோஸிலேயே பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, எஸ்எல்எஃப் என்பார்கள். ஊருக்கு மேலே வைஸ்ஃபுளுயோக் என்ற இடத்தில், 2,500 மீற்றருக்கு மேல், 1936 தொடக்கம் பனியை அளந்துகொண்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் அங்கத்தைய நேரம் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிக்கை வரும். எங்களுக்கு இரவு ஒன்பதரையும் பகல் பன்னிரண்டரையும். தொலைபேசியிலேயே பார்க்கலாம். 1 முதல் 5 வரை ஆபத்து நிலை, எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை பார்த்த சரிவு என்று படம் போட்டே காட்டுவார்கள்.

அந்த 3 என்ற இலக்கத்தைச் சனம் பிழையாக விளங்கிக்கொள்கிறது. ஐந்தில் மூன்று, நடுத்தரம், பரவாயில்லை என்று நினைப்பார்கள். அப்படியில்லை. நிலைகள் படிக்குப் படி சம அளவில் ஏறுவதில்லை, ஒவ்வொரு படிக்கும் ஆபத்து பன்மடங்காகிறது. 4, 5 என்றால் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுவார்கள். 3 என்றால்தான் கிளம்புவார்கள். சாவுகளில் பெரும்பங்கு அந்த நிலையில்தான்.

தை 9, காலை 6.20

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். "30க்குக் குறைந்த இடமாகப் பார்த்து நடந்தால் பயமில்லை" என்று எழுதிவிட்டுப் படுத்தேன், நித்திரை வரவில்லை. அது அரைகுறை உண்மை. நான் நடந்த இடம் 30க்கு நல்லாய்க் குறைவு, அப்படியிருந்தும் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே போய் எனக்கு நாலாவது குளிர்காலம். திங்கட்கிழமை எங்களுக்கு ஓய்வு. டாவோஸிலிருந்து டிஷ்மா என்று ஒரு பள்ளத்தாக்கு உள்ளே போகிறது, அதற்குள் ஐந்து பேர் போனோம். இரண்டு போர்த்துக்கேயப் பெடியள், பரிமாறும் பகுதியில் நின்ற உள்ளூர்க்காரர் ஒருவர், நான், என்னோடு குசினியில் நின்ற கிளிநொச்சிக்காரர் ஒருவர். வழிகாட்டியது உள்ளூர்க்காரர். எல்விஎஸ் அவரிடம் மட்டும் இருந்தது. எங்களுக்கு அது என்னவென்றே தெரியாது, அவரும் சொல்லவில்லை. அது அவர் விட்ட பெரிய பிழை என்று இன்றைக்கும் நினைக்கிறேன், நல்ல மனுசன் என்றபோதும்.

வெயில் கண்ணைக் குத்தியது. ஒரு தட்டையான இடம், வயல் மாதிரி, இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி மலை எழும்புகிறது. ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு ஆள் இடிபடும் அளவுக்கு நெருக்கமாய், கதைத்துக்கொண்டு போனோம். திடீரென்று காலுக்குக் கீழே "வும்" என்று ஒரு சத்தம். மேல்மாடியில் யாரோ நெல்மூட்டையைப் போட்டது போல. காதில் கேட்டது பாதி, வயிற்றில் உணர்ந்தது பாதி. நாங்கள் நின்ற பனி முழுவதும் ஓர் அங்குலம் தாழ்ந்தது. பிறகு எனக்கு முன்னே நின்றவரின் காலடியிலிருந்து ஒரு கோடு இடப்பக்கம் ஓடியது, கத்தியால் கீறியது போல, கண் பின்தொடர முடியாத வேகம். அது மலையின் அடிவாரத்துக்குப் போய், மேலே ஏறி, நூறு மீற்றருக்கு அப்பால் இருந்த சரிவு முழுவதையும் வெட்டி விட்டது. வெட்டின விளிம்பு ஒரு ஆள் இடுப்பளவு உயரம். பலகை போல இறுகியிருந்த அந்தப் பனி துண்டு துண்டாக உடைந்து இறங்கி, எங்களுக்கு நாற்பது அடி முன்னால் வந்து நின்றது.

யாரும் கதைக்கவில்லை. கிளிநொச்சிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஆகவே திருத்தம் இது: நிற்கும் இடத்தின் சாய்வை மட்டும் பார்த்தால் போதாது. தலைக்கு மேலே என்ன தொங்குகிறது, அது விழுந்தால் எதுவரை ஓடும், இரண்டையும் பார்க்க வேண்டும். தட்டையில் நின்றுகொண்டே மேலே இருப்பதை இழுத்து விழுத்தலாம். அதைச் செய்தது வெயிலோ காற்றோ இல்லை, எங்கள் ஐந்து பேரின் பாரம். உயிர்ச் சாவு நேர்ந்த பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பது, அகப்பட்டவரோ அவரோடு வந்தவரோ கிளப்பியவைதான்.

தை 9, பின்னேரம் 3.00

30 பாகை என்றால் எவ்வளவு என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். தொலைபேசியில் சாய்வு அளக்கும் வசதி இருக்கிறது, உவர்மலையில் எங்கள் வீட்டு மாடிப்படியில் நீளப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன்: 33. அவ்வளவுதான். தினமும் தேத்தண்ணியோடு ஏறி இறங்கும் படி. படத்தில் பார்க்கும் செங்குத்துப் பாறை இல்லை, கோணேசர் கோவிலுக்குப் பக்கத்தில் இராவணன் வெட்டு இறங்குகிறதே, அதுவும் இல்லை. அவ்வளவு செங்குத்தில் பனி தங்காது, அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாய் உதிர்ந்துவிடும். கெட்டது இந்த மாடிப்படிச் சாய்வுதான். ஏறலாம், இறங்கலாம் என்று மனம் சொல்லும் சாய்வு.

தை 9, இரவு 10.30

"பனி விழுந்து இரண்டு நாளாகிவிட்டதே, அமர்ந்திருக்காதா" என்று தம்பி திரும்பக் கேட்கிறார். நியாயமான கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

எங்கள் மொழியில் பனி ஒரே சொல். மார்கழி விடியலில் புல்லில் நிற்பதும் பனி, கந்தளாய் வீதியில் கண்ணை மறைப்பதும் பனி, அங்கே கொட்டுவதும் பனி. அதனால் அது ஒரே பொருள் என்று நினைத்துக்கொண்டு போய் இறங்கினேன். முதல் வருடம் முழுக்க எனக்கு அது வெள்ளை, குளிர், வழுக்கும், அவ்வளவுதான். பிறகுதான் ஒரு வார இறுதி வகுப்பில் பனியை வெட்டிக் காட்டினார்கள். ஒன்றரை மீற்றர் குழி. சுவர் முழுக்க வரி வரியாய், எங்கள் தொதலை வெட்டினால் தெரிவது போல ஒரே பண்டம் இல்லை, ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு பண்டம். ஒன்றில் முட்டியால் குத்தினாலும் இறங்காது. ஒன்றில் விரல் போகும். அடியில் ஓர் அடுக்கைத் தொட்டால் பொலபொலவென்று கொட்டியது, சீனி மாதிரி. உண்மையில் சீனிதான், மணி மணியாய், ஒன்றோடொன்று ஒட்டாமல். கையில் அள்ளி உருண்டை பிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அது எப்படி வருகிறது என்றால், நிலத்தோடு ஒட்டிய பனி பூச்சியம் பாகையை ஒட்டியே நிற்கும், மேலே பனி போர்வை மாதிரி மூடியிருப்பதால். வெளியே காற்று மறை இருபது. கீழே சூடு, மேலே குளிர், ஆகவே கீழிருந்து நீராவி மேலே ஏறுகிறது, ஏறும் வழியில் மணிகளைத் தேய்த்து வேறு உருவமாக மாற்றிவிடுகிறது. பனி மெல்லியதாக இருந்து குளிர் கடுமையாக இருந்தால் இது இன்னும் வேகம், ஏனென்றால் அதே வித்தியாசம் குறைந்த தடிப்பில் நடக்கிறது. பனி குறைந்த வருடம் பயமில்லை என்பார்கள், பல தடவை அதுதான் கெட்ட வருடம். அடியில் வரும் பெரிய மணிக்கு ஜெர்மனில் "நீந்தும் பனி" என்ற கருத்தில் ஒரு பெயர் உண்டு. காலை வைத்தால் ஆற்றுமணல் போல விலகும்.

இன்னொன்று, தெளிந்த குளிர் இரவில் பனியின் மேலே இறகு இறகாய் உறைபனி பூக்கும். காலை வெயிலில் மினுங்கும். அவ்வளவு அழகு. படம் எடுத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். அதன் மேல் அடுத்த பனி விழுந்து மூடினால் வாரக்கணக்கில், சிலவேளை அதற்கும் மேல், அந்த இறகுகள் உள்ளே அப்படியே நிற்கும். மேலே பலகை, நடுவில் இறகு. ஒரு ஆள் பாரம் போதும்.

ஆகவே இரண்டு நாள் போதுமா என்பதற்கு என் பதில்: புதிதாய் விழுந்தது அமர்ந்திருக்கும், அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு இரண்டு நாள் பதில் சொல்லாது. அதைவிட, கொட்டி முடிந்து வெயில் எறிக்கும் முதல் நாள்தான் எல்லோரும் ஒன்றாய் மலைக்கு ஓடும் நாள், பனி இன்னும் பாரத்தைத் தாங்கப் பழகாத நாள்.

தை 10, காலை 7.00

பேத்திக்கு விளங்கப்படுத்த நேற்று இரவே குசினியில் செய்து பார்த்தோம். பெரிய தட்டம், அதில் ஈரத் துணி, அதன் மேல் அரிசி மாவை அமர்த்திப் பரப்பி, மெல்லியதாய்ச் சீனி தூவி, அதன் மேல் மீண்டும் மாவை அமர்த்தினோம். தட்டத்தை மெல்லச் சரித்தால் மேல் மா கோடு விட்டுப் பிளந்து, துண்டாய் வழுக்கிக்கொண்டு வந்தது. சீனி போடாமல் செய்தபோது கனக்கச் சரித்த பிறகும் அசையவில்லை. நீங்களும் செய்யலாம், பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

ஆனால் இதை எழுதும்போதே ஒரு குறை தெரிகிறது. தட்டத்தில் சீனி வழுக்க மட்டும் செய்கிறது. மலையில் அந்த அடுக்கு முதலில் நிமிர்ந்து நின்று பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும், ஓரிடத்தில் நொறுங்கினால் பக்கத்தில் இருப்பது நொறுங்கும், அடுத்து அதற்குப் பக்கத்தில். சீட்டுக்கட்டு வீடு விழுவது போல. அந்த "வும்" நொறுங்கும் சத்தம்தான், உள்ளே இருந்த காற்று வெளியேறுகிறது. தட்டையில் நின்ற நாங்கள் தூரத்துச் சரிவை இழுத்தது அப்படித்தான். தட்டத்தில் அதைக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

தை 10, காலை 11.30

ஒருவர் இந்தியாவின் வட எல்லையில் இருக்கும் சியாச்சின் பனிமலையை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். 2016 மாசி 3ஆம் திகதி, 19,600 அடியில் சோனம் காவல்நிலையில் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் மூடுண்டார்கள், அவர்களில் ஹனுமந்தப்பா கொப்பட் ஆறாம் நாள் உயிரோடு எடுக்கப்பட்டார், அப்படியானால் உங்கள் 35 நிமிடக் கணக்கு பிழை அல்லவா என்று.

அந்த நாட்களில் நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தப் பத்துப் பேரில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் கூடாரத்துக்குள் இருந்தார், கூடாரம் உள்ளே காற்றுக்கு இடம் வைத்திருந்தது. வெளியே சரிவில் நடந்துகொண்டிருப்பவருக்கு அந்த இடம் கிடையாது, வாய்க்கு முன்னால் ஒரு கைப்பிடி அளவு கிடைத்தாலே பெரிது, அதுவும் மூச்சுச் சூட்டில் உருகி மீண்டும் உறைந்து கண்ணாடி மாதிரி மூடிவிடும். மற்ற ஒன்பது பேரும் போய்விட்டார்கள். அவரும் மாசி 11 இல் டில்லி மருத்துவமனையில் இறந்தார். அந்த ஆறு நாளை நம்பிக்கைக்காக நினைக்கலாம், கணக்குக்காக எடுக்கக் கூடாது.

தை 10, பின்னேரம் 5.10

காற்றைப் பற்றிச் சொல்லவே இல்லை, அது பெரிய விடுதல். அங்கே ஜெர்மன் பேசுபவர்கள் காற்றைத்தான் பனிச்சரிவு கட்டும் மேசன் என்பார்கள். வானத்திலிருந்து ஒரு துளி விழாவிட்டாலும், காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி முகட்டைத் தாண்டி மற்றப் பக்கத்தில் கொட்டி இறுக்கிவிடும். ஒரே இரவில் ஒரு மீற்றர் கூட ஏறலாம். பக்கத்து வீட்டுச் சம்மாட்டியார் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப மணல் மேடு ஏறுற மாதிரி" என்றார். அதேதான்.

அங்கே ஃபூன் என்று ஒரு காற்று, மலையின் ஒரு பக்கம் ஏறி ஈரத்தை எல்லாம் கொட்டிவிட்டு மறுபக்கம் வறண்டு சூடாய் இறங்கும். முதல் தடவை அது முகத்தில் அடித்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது, எங்கள் கச்சான் காற்றின் மணமும் சூடும். பின்னால்தான் தெரிந்துகொண்டேன், இரண்டும் ஒரே சாதிதான். ஆனி ஆடியில் மத்திய மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்டு இறங்கும் கச்சானைப் பாடப் புத்தகங்கள் ஃபூன் வகை என்றே சொல்கின்றன. எங்களுக்கு அது முற்றத்து மரத்தைக் காய வைக்கும், அவர்களுக்கு அது முகட்டில் பனியைக் குவித்து, கீழே இருப்பதை நனைத்து இளக்கும். ஃபூன் அடித்த மறுநாள் மருமகன் போகக் கூடாது. இதை அவனுக்கு அப்படியே சொல்லுங்கள், கச்சான் என்றால் அவனுக்கு விளங்கும்.

தை 10, இரவு 9.50

மாலை அறிக்கை வந்துவிட்டது. தம்பி பையனிடமிருந்து வாங்கி அனுப்பிய பாதையையும் படத்தில் வைத்துப் பார்த்தேன். ஃபுளூவேலாக் கணவாய் வீதி குளிர்காலத்தில் பூட்டு, அதன் வழியே உள்ளே போய், வடக்குப் பார்த்த, கிண்ணம் போலக் குழிந்த ஒரு மலைப்பகுதியைக் குறுக்கே வெட்டிப் போகிறது அந்தத் தடம். வரைபடத்தில் 30க்கு மேற்பட்ட சரிவுகளுக்கு நிறம் போட்டிருப்பார்கள். தடம் நிறத்துக்கு வெளியேதான் போகிறது. நிறம் முழுவதும் அதற்கு மேலே.

தடத்தைப் பற்றி இப்போது சொல்லத்தான் வேண்டும், என் கதையில் நேற்று ஒரு பகுதியை விட்டுவிட்டேன். வேண்டுமென்று விட்டேனா என்று தெரியவில்லை, பதினைந்து வருடமாய் அப்படியே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. அன்று டிஷ்மாவில் அந்த "வும்" முதல் சத்தம் இல்லை. அதற்கு அரை மணித்தியாலம் முன்னமே ஒரு சின்னச் சத்தம் கேட்டது. எல்லோரும் நின்றோம். போர்த்துக்கேயப் பெடியன் ஒருவன் திரும்பிப் போவோமா என்று கேட்டான். கீழே பார்த்து, "தடம் இருக்கு, நேற்று ஆட்கள் போயிருக்கினம்" என்று சொன்னது நான். உள்ளூர்க்காரர் இல்லை, நான்.

தடம் சொல்வதெல்லாம் நேற்று அந்த நேரத்தில் அந்த இடத்தில் அது விழவில்லை என்பதுதான். பனி எல்லா இடத்திலும் ஒரே தடிப்பு இல்லை. பாறையை ஒட்டி மெல்லியதாய் இருக்கும், அங்கே கால் பட்டால்தான் பாரம் கீழ் அடுக்கைத் தொடும். ஒன்பது பேர் தடித்த இடத்தில் மிதித்துப் போயிருப்பார்கள், பத்தாவது ஆள் ஒரு முழம் விலகி மெல்லிய இடத்தில் மிதிப்பார். முதல் சத்தம் கேட்டபோதே பனி எங்களிடம் நேரடியாகச் சொல்லிவிட்டது. அதற்கு மேல் சான்று கிடையாது. நான் அதை விட்டுவிட்டு, யாரோ முகம் தெரியாதவரின் காலடியை நம்பினேன்.

தம்பி, இதையும் மருமகனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

தை 11, காலை 5.30

இன்று சனி. வாடை மழை விடாமல் பெய்கிறது, கடல் கொந்தளிக்கிறது, சம்மாட்டியாரின் வள்ளங்கள் மூன்று நாளாய்க் கரையில். ஒருவரும் அவரைக் கோழை என்று சொல்லவில்லை.

நேற்று இரவு ஒரு அம்மா எழுதியிருந்தா, இவ்வளவு ஆபத்தென்றால் அங்கத்தைய சனம் ஏன் அந்த மலைக்குக் கீழே வீடு கட்டி இருக்கிறது என்று. இதே கேள்வியை நான் ஒரு கிழவியிடம் கேட்டேன், ஹோட்டலில் துணி மடிப்பவர். 2004 சுனாமிக்கு அடுத்த கிழமை. அந்த மார்கழி 26 விடிய நாலு மணிக்கு முன்னமே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது, நத்தார் விடுமுறைக்கு ஹோட்டல் நிரம்பி வழிந்தது, நான் ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் கரண்டியுமாய் ஐந்து நாள் நின்றேன். அப்போது அந்த அம்மா கேட்டார், உங்கள் ஆட்கள் ஏன் கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள் என்று. நான் ஜன்னலைக் காட்டி, நீங்கள் ஏன் அதற்குக் கீழே இருக்கிறீர்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டு, மேலே காடு இருக்கிறது என்றார்.

அந்தக் காட்டைப் பற்றிப் பிறகு வாசித்தேன். அண்டர்மாட் என்ற ஊரில், தலைக்கு மேலே நிற்கும் காட்டில் மரம் வெட்டக் கூடாதென்று 1397 இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். பனி அங்கே பிடுங்காமல் மரம் நின்று பிடிக்கும். அப்படியிருந்தும் 1950, 51 குளிர்காலத்தில் சுவிஸில் மட்டும் 98 பேர் போனார்கள், அதற்குப் பிறகுதான் காட்டுக்கு மேலே, மரம் வளராத உயரத்தில், உருக்குத் தடுப்புகளை வரிசை வரிசையாய் நட்டார்கள். பனிச்சரிவோடு வாழப் பழகின அந்த அறிவை 2018 இல் சுவிஸுக்கும் ஒஸ்திரியாவுக்கும் பொதுவான மரபுச் செல்வமாக யுனெஸ்கோ பதிந்தது. சம்மாட்டியார் வானத்தைப் பார்த்துச் சொல்வதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும்.

ஒஸ்திரியாவில் கால்டூர் கிராமம், 1999 மாசி 23. அங்கே பனிச்சரிவு வராது என்று வரைபடத்தில் கணித்திருந்த இடத்துக்குள்ளேயே அது வந்து 31 பேரைக் கொன்றது. ஆகவே கணிப்பும் தவறும். ஆனால் கிராமத்தில் வீட்டுக்குள் இருந்தவரையும் விடுமுறைக்கு மலையேறப் போகிறவரையும் நான் ஒன்றாய் வைக்க மாட்டேன். எங்கள் நாட்டில் மீரியாபெத்தையில் 2014 ஐப்பசி 29 காலை மலை இறங்கி லயன் வீடுகளை மூடியது. அந்தச் சனத்துக்கு ஆபத்து என்று முன்னமே சொல்லப்பட்டிருந்தது, போக வேறு காணி இல்லை. மருமகனுக்குப் போகாமல் இருக்க வழி இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

தை 11, பகல் 12.50

காலை அறிக்கையும் வந்துவிட்டது, மாற்றம் இல்லை. தம்பி, அவன் கிளம்பிவிட்டானா? தொலைபேசி எடுக்கிறானில்லை என்று அக்கா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பள்ளத்தாக்குக்குள் சிக்னல் இருக்காது, அதனால் மட்டும் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தை 11, இரவு 11.40

வந்துவிட்டான். அக்காவுக்கு அடித்துவிட்டு எனக்கும் அடித்தான், இருபது நிமிடம் கதைத்தோம்.

எல்விஎஸ் இரண்டு பேரிடம்தான் இருந்ததாம். விளையாட்டுச் சாமான் கடையில் மற்ற இரண்டு பேருக்கும் காலையில் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், கம்பியும் சவலும் சேர்த்து. வண்டியை விட்டு இறங்கிய இடத்திலேயே ஒருவரை ஒளித்து வைத்துத் தேடிப் பழகியிருக்கிறார்கள், முதல் தடவை பதினொரு நிமிடம், மூன்றாவது தடவை நாலு. அந்தக் கிண்ணத்துக்குப் போகவில்லை. காட்டுக்குள்ளால் போகும் பாதையில் போய், மரம் முடியும் இடத்தில் நின்று சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். கூட்டாளி ஒருவனுக்கு மனவருத்தமாம், கிண்ணத்தில் இன்னும் நாலைந்து பேர் ஏறிப் போனதைக் கண்ணால் பார்த்தார்களாம், ஒன்றும் ஆகவில்லையாம்.

ஒன்றும் ஆகாமல் போகும் நாட்கள்தான் அதிகம், அதனால்தான் இது கற்றுக்கொள்ளக் கடினம் என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மாமா, நாங்கள் திரும்பும்போது காட்டு விளிம்பில் ஒரு 'வும்' கேட்டது" என்றான்.

என்ன செய்தாய் என்று கேட்டேன். எல்லோரும் நின்று, பத்து மீற்றர் பத்து மீற்றராய் விலகி, வந்த வழியே மரங்களுக்குள் போனார்களாம்.

தை 12, இரவு 9.45

இன்று மாலை அறிக்கையை அவனே எனக்கு அனுப்பினான், நான் கேட்கவில்லை. படத்தில் வடக்குப் பக்கத்தைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, கீழே "காற்று" என்று எழுதியிருந்தான்.